இடது காலுக்கு வேலையில்லாத வண்டி

என் தம்பி வாஸ்கெனின் வண்டியைப் பற்றி நான் ஒரு நல்ல வார்த்தை சொன்னதாக எங்கள் ஊர் க்ளெண்டேலில் யாரும் சாட்சி சொல்ல முடியாது. மூன்று வருடத்துக்கு ஒரு தடவை அவன் புது ஸ்போர்ட்ஸ் கார் மாற்றுவான். ஒவ்வொன்றும் முந்தியதைவிட அகலமாக இருக்கும், வேகமாக இருக்கும், முன்பக்கம் இன்னும் கொஞ்சம் கோபமாக முறைக்கும். இப்போது வைத்திருப்பது சாம்பல் நிறம். நானூற்றுச் சொச்சம் குதிரைத்திறன். கிளட்ச் கிடையாது. ஸ்டீயரிங்குக்குப் பின்னால் இரண்டு பக்கமும் தகடு மாதிரி ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். வலதைத் தட்டினால் கியர் ஏறும், இடதைத் தட்டினால் இறங்கும்.

"இதுக்குப் பேரு வண்டி ஓட்டறதாடா? லிஃப்டுல ஏறி மாடி நம்பரை அமுக்கற மாதிரி இருக்கு" என்று அவன் முகத்துக்கு நேரே கேட்டிருக்கிறேன்.

"உன் வண்டியில போறதுக்கு மாடிப்படியே ஏறிடலாம்க்கா, சீக்கிரம் போய்ச் சேரலாம்" என்பான் அவன்.

என்னுடையது 1967. பச்சை. கூரை இல்லாத இரண்டு சீட் வண்டி. எண்பது குதிரைத்திறன், நாலு கியர், மெலிந்த மர ஸ்டீயரிங். மருந்துக் கடையில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், இருபத்தாறு வயதில் வாங்கினேன். இப்போது எனக்கு ஐம்பத்தெட்டு. நடுவில் ஒரு கல்யாணம் வந்தது, போனது. வீடு இரண்டு தடவை மாறியது. வண்டி மட்டும் மாறவில்லை.

பிப்ரவரி மாதம் ஒரு காலை, கடையில் மாத்திரை எண்ணிக்கொண்டிருந்தபோது, என் இடது கை பிடித்திருந்த தட்டை நழுவவிட்டது. மூளையில் சின்ன அடைப்பு. மற்றவர்களுக்கு மருந்து கொடுத்தே பழகியவள் அன்று படுக்கையில் கிடந்தேன். வாய் ஒரு வாரத்தில் நேரானது. கை ஒரு மாதத்தில் திரும்பியது. இடது கால் மட்டும் திரும்பவில்லை. இடுப்பிலிருந்து வீசி வீசி நடக்கிறேன், கையில் கம்பு, பாதம் தொங்காமலிருக்க ஷூவுக்குள் ஒரு பிளாஸ்டிக் பட்டை. நான்கு மாதமாக வாரம் மூன்று நாள் பயிற்சிக்குப் போகிறேன். "இப்ப அமுக்குங்க" என்று அங்கே பயிற்சி தரும் பெண் சொல்வாள். நானும் பல்லைக் கடித்துக்கொண்டு அமுக்குவேன். கால் யாரையோ சொல்கிறார்கள் என்பதுபோல் கிடக்கும்.

டாக்டர் வண்டி ஓட்ட அனுமதி கொடுத்துவிட்டார். கிளட்ச் இல்லாத வண்டி மட்டும்.

ஆகவே பச்சை வண்டி கொட்டகையில் போர்வைக்குள் நின்றது. லூப்பேதான் அதை வாங்க ஆள் பிடித்துத் தந்தாள். லூப்பே அரியாகா பிரேக் மெக்கானிக், இருபது வருடமாக என் வண்டியையும் என் வாயையும் சமாளிப்பவள். வரும் செவ்வாய்க்கிழமை சாண்டியேகோவிலிருந்து ஒருவர் வண்டியைப் பார்க்க வருகிறார். நல்ல மனிதராம், நன்றாக வைத்துக்கொள்வாராம். ஓட்டாத வண்டியைக் கொட்டகையில் நிறுத்தித் துடைத்துக்கொண்டிருக்கும் ஜாதி இல்லை நான். விற்றுவிடலாம். என் பயம் அதுவல்ல. விற்றபின் எனக்கு என்ன மிச்சம்? காய்கறி வாங்கவும் கடைக்குப் போகவும் ஒரு வாகனம், அவ்வளவுதானா? வளைவில் திரும்பும்போது வயிற்றுக்குள் ஒரு சந்தோஷம் எழும்புமே, அது இந்த உடம்புக்கு இனி உண்டா, இல்லையா? செவ்வாய்க்கு முன்னால் எனக்கு அது தெரிந்தாக வேண்டியிருந்தது.

அதனால்தான் ஜூன் மாத மாற்று ஞாயிறுக்கு வருகிறேன் என்று ஒப்புக்கொண்டேன்.

மாற்று ஞாயிறு எங்கள் வண்டிப் பிரியர் கூட்டத்தின் பழைய வழக்கம். வருடத்தில் ஒரு நாள், பழைய வண்டிக்காரன் புது வண்டியை ஓட்ட வேண்டும், புது வண்டிக்காரன் பழையதை. லா கன்யாடாவில் ரொட்டிக் கடைக்குப் பின்னால் கூடி, கிரெஸ்ட் சாலையில் மலையேறி, மேலே இருக்கும் மரவீட்டுச் சாப்பாட்டுக் கடையில் நிறுத்தி, எது ஓட்டச் சுகம் என்று எல்லார் முன்னாலும் எழுந்து சொல்ல வேண்டும். ஒரே ஒரு விதி: வண்டியின் சொந்தக்காரர் பக்கத்துச் சீட்டில் உட்காரலாம், ஆனால் மேலே போய்ச் சேரும்வரை வாய் திறக்கக் கூடாது. திறந்தால் அன்று எல்லாருக்கும் சாப்பாடு அவர் பொறுப்பு. இந்த விதி இல்லாத காலத்தில் இரண்டு பேர் நட்பே முறிந்து போயிருக்கிறது. இத்தனை வருடமும் நான் யாருக்கும் சாவி தந்ததில்லை, என் வண்டியிலேயே பின்னால் போய் மேசையில் வாயாடிவிட்டு வருவேன்.

காலை ஆறரை. ஜூன் மாதத்து மூடுபனி இறங்கி, தெருவிளக்குகள் இன்னும் எரிந்துகொண்டிருந்தன. பதினோரு வண்டிகள். வாஸ்கென் ஒரு பிளாஸ்கில் காப்பியும், அவன் மனைவி சுட்டுக் கொடுத்த கத்தா ரொட்டியும் கொண்டுவந்திருந்தான். தன் வண்டியை முந்தின நாளே கழுவியிருந்தான். எனக்காக சீட்டைக்கூட முன்னால் நகர்த்தி வைத்திருந்தான்.

என் பச்சை வண்டியை லூப்பே ஓட்டினாள். அவளுடைய சொந்த வண்டியும் இந்தக் காலத்து ரகம்தான். ஓட்டுநர் சீட்டில் வேறொருத்தி உட்கார்ந்திருப்பதைப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ரெண்டாவதுக்கு எறக்கறப்போ அவசரப்படாத. நடுவுல கிளட்ச்ச ஒரு தடவ விட்டு, இன்ஜின உறும வச்சு—"

"சோஸே, அந்த கியர்பாக்ஸை மூணு தடவ பிரிச்சு மாட்டினவ நான். போடி, போய் லிஃப்டுல ஏறு" என்றாள் லூப்பே.

பழைய வண்டிக்காரர்கள் கிளட்ச் இல்லாத வண்டியில் ஏறினால் பண்ணும் தப்பு ஒன்று உண்டு. வேகம் குறையும்போது இடது கால் பழக்கத்தில் கிளட்ச்சைத் தேடிப் போகும். அங்கே கிளட்ச் இருக்காது, அகலமான பிரேக் இருக்கும். கிளட்ச்சை மிதிக்கிற பலத்தோடு பிரேக்கை மிதித்தால் என்ன ஆகும்? வண்டி சுவரில் மோதியதுபோல் நிற்கும். ஒவ்வொரு வருடமும் யாராவது ஒருவர் இந்த நிறுத்துமிடத்தைத் தாண்டுவதற்குள்ளேயே அதைச் செய்வார், மற்றவர்கள் கைதட்டுவார்கள். போன வருடம் பல் டாக்டர் ஒருவர் தொப்பியைக் கண்ணாடியில் அடித்துக்கொண்டார்.

"நல்லவேளை, உனக்கு அந்தத் தொல்லை இல்ல" என்று வாஸ்கென் சொல்லிவிட்டு, உடனே உதட்டைக் கடித்துக்கொண்டான்.

"ஆமாண்டா. என் கால் ரொம்ப சமர்த்து" என்றேன். கம்பை அவன் மடியில் போட்டேன். "இனிமே வாயில கொழுக்கட்டை. கிளம்பலாமா?"

தலையை மட்டும் ஆட்டினான்.

முதல் ஐந்து மைல் எனக்கு அழுகைதான் வந்தது. அழவில்லை. ஆனால் வந்தது. வண்டி ஒரு குறையும் இல்லாமல் போனது, அதுதான் குறை. என் பச்சை வண்டியில் நாற்பது மைல் வேகத்தில் போனாலே உலகம் முழுக்க உங்களிடம் பேசும். சாலையில் கிடக்கும் பொடிக்கல் கூட உள்ளங்கைக்கு வந்து சேரும். பெட்ரோல் வாசனை, காற்று, இன்ஜின் சத்தம், வெப்பமானி முள் ஏறுகிறதா என்று ஒரு கண், அடுத்த வளைவுக்கு எந்தக் கியர் என்று ஒரு கணக்கு. கால் இரண்டும் கை இரண்டும் காதும் சேர்ந்து ஒரே வேலையைச் செய்யும். வளைவு சரியாக வந்துவிட்டால் அது நீங்கள் செய்தது. இந்தச் சாம்பல் வண்டியிலோ நாற்பது மைல் என்பது தூக்கம். ஸ்டீயரிங்கைத் திருப்பினேன், திரும்பியது. அதற்கும் எனக்கும் சம்பந்தம் இருந்த மாதிரி தெரியவில்லை.

"இது நாப்பதுல போகுதா, நின்னுக்கிட்டிருக்கா? நீயே சொல்லு" என்று கேட்டேன்.

வாஸ்கென் வாயை இறுக மூடிக்கொண்டு ஜன்னல் பக்கம் பார்த்தான்.

"இந்தச் சத்தம் இன்ஜின்லேர்ந்து வருதா, ஸ்பீக்கர்லேர்ந்து வருதா?"

அவன் கழுத்து நரம்பு புடைத்தது. பதில் ஸ்பீக்கர் என்பது எனக்கு முன்னாடியே தெரியும். விதி இருக்கும்போதே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி அது.

கிண்டல் ஒரு பக்கம் நடந்துகொண்டிருந்தாலும் உள்ளே எனக்கு மனது விட்டுப்போய்க்கொண்டிருந்தது. இடது கால் அதற்கென்று வைத்திருந்த மேடையில் யாரோ விட்டுவிட்டுப் போன பெட்டி மாதிரி கிடந்தது. கண்ணாடியில் பின்னால் பார்த்தால் தூரத்தில் என் பச்சை வண்டி, லூப்பேயின் சிவப்புத் துண்டு காற்றில் பறந்துகொண்டு. இவ்வளவுதான் என்று நினைத்தேன். செவ்வாய்க்கிழமை அந்த மனிதருக்குச் சாவியைக் கொடுத்துவிட்டு, ஒரு வெள்ளை நிற குடும்பக் கார் வாங்கிக்கொண்டு, மீதி நாளை அதில் கழிக்க வேண்டியதுதான்.

பத்தாவது மைலில் மூடுபனிக்கு மேலே வந்துவிட்டோம். திடீரென்று வெயில். கீழே பள்ளத்தாக்கு முழுவதும் பால் ஊற்றி வைத்த மாதிரி வெண்மை. மலைச்சரிவில் யக்காச் செடிகள் ஆளுயரத்துக்குப் பூத்து நின்றன. சாலை காலியாக இருந்தது. எனக்கு என்ன தோன்றியதோ, இடது தகட்டை இரண்டு தடவை தட்டிவிட்டு வலது காலை அழுத்தினேன்.

அடேயப்பா.

பொய் சொல்ல மாட்டேன். அந்த வண்டி தூங்கவில்லை, என்னைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தது. வேகத்தைச் சொல்ல மாட்டேன், போலீஸ்காரர்கள் யாராவது படிக்கலாம். அடுத்த வளைவுக்கு முன்னால் பிரேக்கைத் தொட்டேன். என் வண்டியில் பிரேக் என்பது ஒரு வேண்டுகோள், முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். இங்கே கேட்டவுடன் கிடைத்தது. முன்சக்கரங்கள் போய் நான் பார்த்த இடத்தில் உட்கார்ந்தன. அடுத்தது. அதற்கடுத்தது. மூன்றாவது வளைவில்தான் ஒன்று புரிந்தது. என் வண்டியில் நான் எப்போதும் பக்கத்தில் பார்த்துக்கொண்டு ஓட்டுகிறவள்: முள், சத்தம், சாலையின் குழி. இந்த வண்டி அந்தக் கவலை அத்தனையையும் வாங்கி வைத்துக்கொண்டு, தூரத்தைப் பார் என்று என்னை விட்டுவிட்டது. மலையைச் சுற்றிச் சாலை எப்படிப் போகிறது என்று முப்பத்திரண்டு வருடத்தில் நான் முழுதாகப் பார்த்ததே இல்லை. இடது, வலது, மறுபடி நீளமான இடது. வயிற்றுக்குள் அது எழும்பியது. அதேதான். செத்துவிட்டது என்று நான் நினைத்த அதே சந்தோஷம், இந்தப் பாழாய்ப்போன லிஃப்டுக்குள்.

நான் சிரித்துக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது. வாஸ்கென் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். பிளாஸ்க் மூடியில் ஊற்றிய காப்பியைக் குடிக்கக்கூட மறந்து கையில் பிடித்திருந்தான்.

பதினெட்டாவது மைலில் பாறையைச் சுற்றி ஒரு இறுக்கமான வலது வளைவு. திரும்பியதும் சாலை நடுவில் கால்பந்து அளவுக்கு ஒரு கல். மேலேயிருந்து உருண்டு வந்தது. கிரெஸ்ட் சாலையில் இது சகஜம், விலகிப் போக இடமும் நேரமும் இருந்தது. நான் பிரேக்கைத் தொட்டேன், இடது தகட்டைத் தட்டினேன்.

வண்டி நின்றது.

நின்றது என்றால் ஆணி அடித்த மாதிரி நின்றது. பெல்ட் என் தோளை வெட்டியது. வண்டியின் மூக்கு தரையைத் தொட்டுவிட்டு எழுந்தது. வாஸ்கெனின் காப்பி மொத்தமும் கண்ணாடியில் அடித்து, திரும்பி அவன் வெள்ளைச் சட்டையில் வந்து சேர்ந்தது.

"அக்கா! உனக்கென்ன பைத்தியமா! ஒரு கல்லுக்கு இப்படியா! கிளட்ச்சுன்னு நெனச்சு பிரேக்க மிதிச்சிட்டியா? இந்தப் பழைய வண்டிக்காரங்களே இப்படித்தான், எடது கால—"

அவன் நிறுத்திவிட்டான்.

இருவரும் கீழே குனிந்து பார்த்தோம். வலது கால் பிரேக்கின் வலது ஓரத்தில் இருந்தது. அதற்குப் பக்கத்தில், பிரேக்கின் மேல், பிளாஸ்டிக் பட்டை போட்ட என் இடது ஷூ இருந்தது. நான் வைக்கவில்லை. யாரும் எடுத்து வைக்கவில்லை.

பின்னால் லூப்பே நிதானமாக வந்து, ஹாரன் அடித்து, எங்களைச் சுற்றிக்கொண்டு போனாள். என் வண்டியின் பிரேக்கைக் கட்டியவளே அவள்தான், எவ்வளவு தள்ளி வரவேண்டும் என்று அவளுக்குத் தெரியும்.

"ஓரமா நிறுத்து" என்று வாஸ்கென் மெதுவாகச் சொன்னான்.

ஓரமாக நிறுத்தினேன். அவன் இறங்கிப் போய்க் கல்லைப் பள்ளத்தில் தள்ளிவிட்டு வந்தான். வந்து என் பக்கக் கதவைத் திறந்து, சாலையிலேயே மண்டி போட்டு உட்கார்ந்தான். அந்தக் கால்சட்டை இத்தாலியத் தையல்.

"மறுபடி மிதி."

மிதித்தேன். அதாவது, மிதிக்க முயன்றேன். கால் மறுபடி அந்தப் பெட்டியாகிவிட்டது.

"மிதிக்கா."

"முடியலடா."

"இப்பதான மிதிச்ச! என் பல்லே கழண்டு விழற மாதிரி மிதிச்ச!"

"நான் மிதிக்கலடா. அதுவா மிதிச்சுது."

சொன்னபிறகுதான் அது என் காதில் விழுந்தது. அப்புறம் அழுதேன். முதல் ஐந்து மைலில் வந்த அழுகை அல்ல, இது வேறு. வாஸ்கென் காப்பியில் நனைந்த சட்டையோடு என் முழங்காலைப் பிடித்துக்கொண்டு, "அழு, அழு, பரவால்ல" என்று சொல்லிக்கொண்டே தானும் அழுதான். எங்கள் குடும்பத்தில் ஆண்களுக்கு அழத் தெரியும், நிறுத்தத்தான் தெரியாது.

மேலே சாப்பாட்டுக் கடையில் எல்லாரும் எங்களுக்காகக் காத்திருந்தார்கள். வாஸ்கெனின் சட்டையைப் பார்த்ததுமே கைதட்டல் ஆரம்பமானது.

"பேசிட்டானா?" என்று லூப்பே கேட்டாள்.

"பேசினான். ஒரு பாரா பேசினான்" என்றேன்.

பதினெட்டு பேருக்கு முட்டையும் பன்றிக்கறியும் அப்பமும் அவன் வாங்கித் தர வேண்டியதாயிற்று. அவன் அதைப் பற்றி ஒரு வார்த்தை முனகவில்லை, அதுவே எல்லாருக்கும் சந்தேகமாக இருந்தது.

என் முறை வந்தபோது கம்பை ஊன்றி எழுந்து நின்றேன். இருபது வருடமாக இந்த மேசைக்கு முன்னால் பழைய வண்டிதான் வண்டி என்று சத்தியம் பண்ணியவள்.

"இந்த வண்டிய முதல் பத்து மைல் வெறுத்தேன். நாப்பது மைல் வேகத்துல எனக்கு என் வண்டிதான். அதுல ஒரு கடைத்தெருவைத் தாண்டறதே ஒரு சாகசம். இதுல சுகம் வேணும்னா ஜெயிலுக்குப் போற வேகத்துல போகணும். அது ஒரு குறை, வாஸ்கென், நீ ஒத்துக்கத்தான் வேணும்."

"சரி" என்றான் அவன்.

"ஆனா பதினோராவது மைல்லேர்ந்து பதினெட்டாவது மைல் வரைக்கும், எனக்கு கால் சரியில்லைங்கறதே மறந்துபோச்சு. பிப்ரவரிலேர்ந்து ஒரு நிமிஷம்கூட நான் அதை மறந்ததில்ல. தூக்கத்துலகூட." தண்ணீர் குடித்தேன். "எனக்கு மறந்துபோச்சு. என் காலுக்கும் மறந்துபோச்சு. அதான் அது மிதிச்சுடுச்சு."

யாரும் கைதட்டவில்லை. அந்தப் பல் டாக்டர் தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

சாப்பிட்டபின் லூப்பே என் கையைப் பிடித்து வெளியே பச்சை வண்டிக்குக் கூட்டிப்போனாள். வாஸ்கெனும் பின்னாலேயே வந்தான். இன்ஜினை அணைத்த நிலையில் ஓட்டுநர் சீட்டில் உட்காரவைத்தாள். தோல் சீட் வெயிலில் சூடேறியிருந்தது. நான்கு மாதமாயிற்று அதில் உட்கார்ந்து.

"கிளட்ச்ச மிதி."

மிதிக்கவில்லை. முறைத்துப் பார்த்தேன், கெஞ்சினேன், திட்டினேன்.

"கீழ பாக்காதடி. மேல பாரு. அந்தப் பாறை வளைவு வருது. நீ மூணாவதுல இருக்க. வேகம் ஜாஸ்தி. எதுக்கால ஒரு மடையன் பைக்குல வர்றான்—"

என் வலது கை தானாகக் கியர் தண்டுக்குப் போனது. இடது கால் அசைந்தது. கிளட்ச் ஒரு விரற்கடை இறங்கியது. அவ்வளவுதான், ஒரு விரற்கடை. அதற்கு மேல் போகவில்லை. கியர் போடப் போதாது. எதற்கும் போதாது. மூன்று பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"வித்துடுக்கா" என்று வாஸ்கென் மெல்லச் சொன்னான். "இப்படிப் பாத்துக்கிட்டே இருந்தா நீ நொந்து போயிடுவ. என் வண்டி இருக்கு. எப்ப வேணா எடுத்துக்க."

அவன் அதை முழு மனதோடு சொன்னான் என்று எனக்குத் தெரியும். தன் வண்டியின் சாவியைத் தன் மகனுக்கே தராதவன் அவன்.

"உன் வண்டிய எடுத்துக்கத்தான் போறேன். வாரம் ரெண்டு நாள்" என்றேன். "லூப்பே, அந்த சாண்டியேகோக்காரர்கிட்ட செவ்வாய்க்கிழமை வரவேணாம்னு சொல்லிடு."

"கால் வராமலே போயிட்டா?"

"அப்ப நீ ஓட்டு. நான் பக்கத்துல உக்காந்து உன் கியரைத் திட்டறேன்."

"அதுக்கு நீ அந்த ஆளுக்கே வித்திருக்கலாம்" என்று லூப்பே சொன்னாள். ஆனால் பச்சை வண்டியின் சாவியை எடுத்து, தன் சட்டைப் பையில் போட்டுப் பொத்தான் மாட்டிக்கொண்டாள்.

இறங்கும்போது மற்றவர்களை முன்னால் அனுப்பிவிட்டோம். பின்னால் யாரும் இல்லாமல் பார்த்துக்கொண்டோம். லூப்பே பச்சை வண்டியில் எங்களுக்கு முன்னால் போனாள். நான் சாம்பல் வண்டியில் தள்ளித் தொடர்ந்தேன். இடது காலை இழுத்து சீட்டுக்கு அடியில் ஒட்ட வைத்துக்கொண்டேன், அது மறுபடி தன்னிச்சையாகக் கிளம்பினாலும் பிரேக்கைத் தொடாது.

முதல் சில வளைவுகளில் வாஸ்கென் விடவில்லை. "இப்ப? இப்ப ஏதாவது? கட்டைவிரலு?" என்று நச்சரித்தான். நானும் ஒவ்வொரு தடவையும் காலுக்குக் கட்டளை போட்டேன். ஒன்றும் நடக்கவில்லை. பிறகு அவனே அலுத்துப்போய், "விடுக்கா. நீ சும்மா ஓட்டு" என்றான்.

சும்மா ஓட்டினேன். முப்பத்திரண்டு வருடத்தில் என் வண்டி வளைவில் போவதை நான் வெளியிலிருந்து பார்த்ததில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. எப்படிப் பார்த்திருக்க முடியும்? எப்போதும் நான்தானே உள்ளே இருந்தேன். அது எவ்வளவு சின்னது! ஒவ்வொரு வளைவிலும் தோளைச் சாய்த்துக்கொண்டு, பின்பக்கத்தைக் கொஞ்சம் தாழ்த்தி, மெலிந்த டயர்களில் துள்ளித் துள்ளிப் போனது. நான் ஜன்னல் கண்ணாடியை இறக்கினேன். லூப்பே கியர் இறக்குவது காதில் விழுந்தது. நடுவில் விட்டு, ஒரு உறுமல், பிறகு அடுத்த கியர். முதலில் கொஞ்சம் கரடுமுரடாக, பிறகு சுத்தமாக. நன்றாகச் செய்கிறாள் பாவி. அவள் வேகத்தில் போனபோது சாம்பல் வண்டியும் எனக்குப் பிடித்துப்போனது. எனக்கு முன்னால் ஓடும் என் வண்டியைத் தொலைக்காமல், முந்தாமல், அது போட்ட கோட்டின் மேலேயே இதையும் இழுத்துக்கொண்டு போவது ஒரு விளையாட்டாகிவிட்டது. "ஏய், சீக்கிரம் இறக்கு, இறக்கு, ஆங்!" என்று லூப்பேக்குக் கேட்காது என்று தெரிந்தும் கத்தினேன். நாற்பது மைல்தான் போனோம். தூக்கம் வரவில்லை.

மூடுபனிக்குள் மறுபடி இறங்கி, லா கன்யாடாவின் முதல் சிக்னலில் நின்றபோதுதான் வாஸ்கென் வெகு நேரமாகப் பேசவே இல்லை என்பது தெரிந்தது. திரும்பிப் பார்த்தேன். அவன் சாலையைப் பார்க்கவில்லை. குனிந்து என் சீட்டுக்கு அடியில் பார்த்துக்கொண்டிருந்தான்.

"பதினாலு" என்றான்.

"என்னடா பதினாலு?"

"லூப்பே கியர் எறக்கறப்போ எல்லாம் உன் கால் தரைய அமுக்குச்சு. சில தடவ லேசா, சில தடவ நல்லாவே. பதினாலு தடவ."

"ஏண்டா சொல்லல?"

"சொல்லியிருந்தா நீ கீழ பாத்திருப்ப."

சிக்னல் பச்சையானது. முன்னால் லூப்பே ரொட்டிக் கடைப் பக்கம் திரும்பக் கையைக் காட்டினாள். நான் ஹாரனை அழுத்தினேன். அவள் திரும்பிப் பார்த்ததும், விரலை மேலே சுழற்றி மலையைக் காட்டினேன். வாஸ்கெனுக்கு மதியம் மாமனார் வீட்டில் விருந்து இருந்தது. அவன் மணியைப் பார்க்கவில்லை, பெல்ட்டை மட்டும் இன்னும் கொஞ்சம் இறுக்கிக்கொண்டான்.